ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம்

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

இங்கே உன் தம்பி பொண்டாட்டி சௌக்கியம், தையல் மெஷின் ஓயாம ஓடுது. குட்டி சௌக்கியம், எட்டாம் வகுப்புலயே என் தோள் உயரத்துக்கு வந்துட்டா. பம்ப் ஹவுஸ்ல இருக்குற மூணு பம்புல ரெண்டு சௌக்கியம், மூணாவது மட்டும் இருமிக்கிட்டே ஓடுது. நீ எப்படி இருக்கே? இன்னும் அதே நாலாவது மாடி வீடுதானா? முட்டிவலி தேவலையா?

என்னடா திடீர்னு கடிதம்னு பார்க்காதே. போன்ல பேசினா ரெண்டு பேரும் "அப்புறம்?", "வேற என்ன?"ன்னு மாத்தி மாத்திக் கேட்டுட்டு வெச்சுடறோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பா போனதுல இருந்து அப்படித்தான் ஆயிடுச்சு. பேனாவைப் பிடிச்சா எனக்குக் கொஞ்சம் வாய் வருது.

விஷயம் இதுதான். குட்டிக்குப் பள்ளிக்கூடத்துல இதயப் பாடம் நடக்குது. ரத்தம் எப்படி உடம்பைச் சுத்தி வருதுன்னு எழுதிட்டு வரச் சொன்னாங்களாம். "ஊருக்கெல்லாம் தண்ணி அனுப்பறீங்க, இது தெரியாதாப்பா?"ன்னு கிண்டல் வேற. ஆபரேஷன் மேஜைப் பக்கத்துல உட்கார்ந்து, இதயம் நின்னிருக்கிற நேரத்துல அதோட வேலையை மெஷினால செஞ்சு குடுக்கிறவ என் அக்கா, அவகிட்டயே கேட்டுச் சொல்றேன்னு வீறாப்பாச் சொல்லிட்டேன். டாக்டர் பாஷையில வேண்டாம். எனக்குப் புரியற மாதிரி எழுது. எனக்குப் புரிஞ்சாத்தானே அவளுக்குச் சொல்ல முடியும்.

அவசரமில்லை. ஆனா சீக்கிரம் எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

உறை மேல உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் வாசல்ல நின்னபடியே பிரிச்சுட்டேன், செருப்பைக்கூடக் கழட்டலை. நான் நல்லா இருக்கேன். முட்டி மட்டும் மூணாவது மாடியிலேயே என்னைப் பார்த்து முறைக்குது. உன் கடிதம் வந்த அன்னிக்கு அதையும் கண்டுக்கலை.

குட்டிக்காக எழுதறேன். ஆனா உன் பாஷையிலதான்.

இதயம் ஒரு பம்பு இல்லைடா, ரெண்டு. ஒரே கூட்டுக்குள்ள ஒட்டிப் பிறந்த ரெண்டு பம்பு, நடுவுல ஒரு சுவர். உடம்பு முழுக்க வேலையை முடிச்சுட்டுத் திரும்பி வர்ற ரத்தம் வலப்பக்கப் பம்புக்குள்ள வரும். அது கருஞ்சிவப்பா, களைச்சுப்போன மாதிரி இருக்கும். வலப்பக்கம் அதை நுரையீரலுக்குத் தள்ளும். அங்கே காத்தை வாங்கிக்கிட்டு, செக்கச்செவேல்னு இடப்பக்கத்துக்கு வந்து சேரும். இடப்பக்கம் அதை உடம்போட கடைசி மூலை வரைக்கும் அனுப்பும். வலப்பக்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போற வேலை, இடப்பக்கத்துக்கு ஊர் முழுக்கப் போற வேலை. அதனால இடப்பக்கச் சுவர் மூணு மடங்கு தடிமன்.

ஒவ்வொரு பம்புக்கும் உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. மொத்தம் நாலு. நீ தினம் பார்க்கிற நான்-ரிட்டர்ன் வால்வு மாதிரிதான், போன ரத்தம் திரும்பி வரக் கூடாது. நெஞ்சுல காதை வெச்சா "லப் டப்"னு கேக்குதே, அது சதை அடிச்சுக்கிற சத்தமில்லை. இந்தக் கதவுகள் சாத்திக்கிற சத்தம்.

மொத்த ரத்தமே அஞ்சு லிட்டர் சொச்சம்தான். சும்மா உட்கார்ந்திருக்கிறப்போ இதயம் ஒரு நிமிஷத்துக்குத் தள்ளறதும் கிட்டத்தட்ட அதே அஞ்சு லிட்டர். ஆக, ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம். நீ இந்தப் பக்கத்தைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள உன் ரத்தம் ஒரு தடவை உன்னைச் சுத்தி வந்திருக்கும்.

என் மெஷின்ல ரெண்டு குழாய் இருக்கு. ஒண்ணுல கருஞ்சிவப்பா வரும், இன்னொண்ணுல செஞ்சிவப்பாப் போகும். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, அந்த நிறம் மாறுற இடத்தை ஒரு தடவையாவது நின்னு பார்க்காம நான் வேலை செஞ்சதில்லை.

குட்டி வேற ஏதாவது கேட்டா எழுது. கேக்காட்டியும் எழுது.

உன் அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

குட்டி, அவ அம்மா, ரெண்டு பம்பு, எல்லாரும் சௌக்கியம். மூணாவது பம்பைப் பிரிச்சுப் போட்டிருக்கோம், அதுக்கு மட்டும் ஓய்வு.

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். ஒரே கூட்டுக்குள்ள ரெண்டு பம்பு, எழுபது எண்பது வருஷம் கிரீஸ் கிடையாது, பேக்கிங் மாத்தறது கிடையாது, ஒரு நாள் ஷட்-டவுன் கிடையாது. இதைச் செஞ்ச ஆளை எங்க ஆபீசுக்கு அனுப்பி வை அக்கா, இங்கே இருக்கிறவங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிடலாம். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு பம்பும் சொட்டுக்குச் சொட்டு ஒரே அளவு தள்ளணுமே? ஒண்ணு பின்தங்கினா நடுவுல எங்கேயாவது தேங்குமே?

அப்புறம், குட்டியோட டீச்சர் ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. இடப்பக்கத்துல இருந்து வெளியே போற கதவு சரியாத் திறக்கலைன்னா என்ன ஆகும்? பாதிதான் திறக்குதுன்னு வெச்சுக்கோ. உள்ளே இருக்கிற ஆளுக்கு என்ன தெரியும்? எவ்வளவு நாளைக்கு ஓடும்? கொஞ்சம் விவரமா எழுது.

மேல்நிலைத் தொட்டிக்கு நூத்துப் பன்னெண்டு படி. இவ்வளவு நாளா அவசரமா ஏறி இறங்கினதுல ஊரைப் பார்த்ததே இல்லை. நேத்து நாப்பதாவது படியில நின்னு பார்த்தேன், எழுபதுல நின்னு பார்த்தேன், தொண்ணூறுல நின்னும் பார்த்தேன். ஊர் நல்லாத்தான் இருக்கு.

முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கோ.

உன் தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ?

உன் சந்தேகம் சரியான சந்தேகம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளணும். இடப்பக்கம் பின்தங்கினா நுரையீரல்ல தேங்கும். அப்போ மூச்சு வாங்கும்.

டீச்சரோட கேள்வி எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் பெரிசா இருக்கு. இருந்தாலும் சொல்றேன். அந்தக் கதவுல மூணு இதழ் இருக்கும், ஒரு பூ விரியற மாதிரி மூணும் விலகி வழிவிடும், திரும்பச் சேர்ந்து மூடிக்கும். வயசாக ஆக இதழ்ல சுண்ணாம்பு படிஞ்சு விறைச்சுப்போகலாம். சில பேருக்கு

(அந்த வரியை முடிக்கலை, கண்டுக்காதே. கூப்பிட்டாங்கன்னு பாதியில எழுந்து போயிட்டேன்.)

கதவு குறுகினா பம்பு சும்மா இருக்காது. இன்னும் பலமாத் தள்ளும். தள்ளித் தள்ளிச் சுவர் தடிக்கும். அதனாலேயே ரொம்ப நாளைக்கு வெளியே ஒண்ணும் தெரியாது. அப்புறம் படி ஏறினா மூச்சு வாங்கும், நெஞ்சு இறுகும், பலமா வேலை செய்யறப்போ மூளைக்குப் போற ரத்தம் பத்தாம கண் இருட்டும். அப்படி ஆரம்பிச்சா தள்ளிப்போடக் கூடாதுன்னு டீச்சர்கிட்ட சொல்லச் சொல்லு.

இன்னொண்ணும் குட்டிக்குச் சொல்லு. இடப்பக்கத்துல இருந்து கிளம்பற பெரிய குழாய், கதவைத் தாண்டின உடனே விடற முதல் கிளை யாருக்குத் தெரியுமா? இதயத்துக்கே. மூளைக்கும் முன்னாடி. ஊருக்கெல்லாம் அனுப்பறவன் முதல் வாய் தான் குடிச்சுட்டுத்தான் மத்தவங்களுக்கு ஊத்தறான். அதுல சுயநலம் ஒண்ணும் இல்லை. அவன் நின்னா எல்லாரும் காஞ்சுபோவாங்க.

படியில நின்னு ஊரைப் பார்க்கிறது எல்லாம் சரி. உடம்பைப் பத்தி ஒரு வரி எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

பதில் போட நாப்பது நாள் ஆயிடுச்சு, திட்டாதே. எல்லாரும் சௌக்கியம். உன் விளக்கத்துக்குக் குட்டிக்கு நல்ல மார்க் கிடைச்சுது. டீச்சர் உன்னை ரொம்ப விசாரிச்சாங்க.

தாமதத்துக்குக் காரணம் ஒரு சின்ன விழுகை. பெரிய கேட் வால்வு இறுகிப்போயிருந்துச்சு. ஆள் வரட்டும்னு காத்திருக்காம நானே சக்கரத்தைப் பிடிச்சு முழு பலத்தோட திருப்பினேன். தரையில ஆயில். வழுக்கிட்டேன். நெத்தியில ஆறு தையல், மூக்குல ஒரு கீறல். மத்தபடி கையில காலுல ஒரு சிராய்ப்புகூட இல்லை, அதிர்ஷ்டக்காரன்னு எல்லாரும் சொன்னாங்க. இப்போ என்னை பம்ப் பக்கம் விடாம ரெஜிஸ்டர் எழுதற நாற்காலியில உட்கார வெச்சிருக்காங்க. கைப்பிடி வெச்ச நாற்காலி. ஆபீசர் ஆயிட்டேன்.

நீ எப்படி இருக்கே? வேலை அதிகமா? உங்க ஆஸ்பத்திரியில அந்த மாதிரி கதவு மாத்தற ஆபரேஷன் வாரத்துக்கு எத்தனை நடக்கும்? எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போறாங்க? சும்மாதான் கேக்கறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 26

தம்பி,

வழுக்கி விழறவன் கையை ஊன்றுவான்டா. முழங்கை உரியும், மணிக்கட்டு சுளுக்கும், உள்ளங்கையில மண்ணு ஏறும். கையில ஒரு சிராய்ப்பும் இல்லாம நெத்தியும் மூக்கும் அடிபட்டிருக்குன்னா, தரையைத் தொடறதுக்கு முன்னாடியே நினைவு போயிருக்கு.

பழைய கடிதத்தையெல்லாம் எடுத்து வெச்சுப் படிச்சேன். குட்டி சௌக்கியம், அவ அம்மா சௌக்கியம், பம்பு சௌக்கியம். ஒண்ணுல கூட "நான் சௌக்கியம்"னு நீ எழுதலை.

நாளைக்கே போய் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடு. வலிக்காது, ஊசி கிடையாது, அரை மணி நேரம். அதுவரைக்கும் படி ஏறாதே, எதையும் பலமாத் திருப்பாதே, தூக்காதே. பதில் எழுதாட்டியும் பரவாயில்லை, ஸ்கேன் எடு.

அக்கா


மே 3

அண்ணிக்கு வணக்கம்.

நான் உங்க தம்பி மனைவி எழுதறேன். நீங்க நல்லா இருக்கீங்களா? உங்க கடிதத்தை அவர் மேஜை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனார். அடுத்தவங்க கடிதத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கில்லை. படிச்சுட்டேன்.

குட்டிக்குப் பள்ளிக்கூடத்துல இதயப் பாடமே இல்லை அண்ணி. இந்த வருஷம் செடி, கொடி, வேர்னுதான் ஓடுது. நீங்க எழுதினது எதையும் அவர் அவகிட்ட காட்டலை. சட்டைப் பையிலேயே வெச்சிருந்தார். துவைக்கப் போட்டப்போ கிடைச்சுது. மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சுபோச்சு. தையல்காரி வீட்டுல காகிதம் கிழிஞ்சா ஒட்டத்தானே முடியும், ஒட்டி வெச்சிருக்கேன்.

ஆறு மாசமா சாப்பிட்ட உடனே நடந்தா நெஞ்சைப் பிடிச்சுக்கறார். கேட்டா "வாயு"ன்னு சொல்லுவார். விழுந்த அன்னிக்குக் கூட இருந்தவங்க என்கிட்ட சொன்னாங்க, தரையில ஆயிலே இல்லையாம். ஸ்கேனுக்குக் கூப்பிட்டா, "போனா கண்டுபிடிப்பாங்க"ன்னார். கண்டுபிடிக்கத்தானே போறதுன்னு நான் சண்டை போட்டேன். அப்போதான் சொன்னார்: "கண்டுபிடிச்சா படுக்கச் சொல்லுவாங்க. அப்பா படுத்தது மாதிரி. அக்கா அதை ரெண்டாவது தடவை பார்க்கணுமா?"

என்னால அவரை அசைக்க முடியலை. நீங்க சொன்னாத்தான் கேப்பார். இதை நான் எழுதினது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் பரவாயில்லை.

உங்கள் தம்பி மனைவி


மே 9

தம்பிக்கு,

எப்படி இருக்கேன்னு இந்தத் தடவை எழுதப் போறதில்லை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷமா சொல்லாம வெச்சிருக்கேன்.

அப்பாவுக்குக் கதவு மாத்தின அன்னிக்கு, ஆபரேஷன் முடிஞ்சு பெரிய டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கைக் கழட்டிட்டு என்கிட்ட ஒரு விஷயம் சொன்னார். அப்பாவோட கதவுல மூணு இதழ் இல்லை, ரெண்டுதான். பிறக்கறப்பவே அப்படி. ரெண்டு இதழ் கதவு சீக்கிரம் தேயும், சீக்கிரம் விறைக்கும். "இது ரத்த சொந்தத்துல வர்றது உண்டு. நீங்களும் தம்பியும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க"ன்னார். சரின்னேன். மூணாம் நாள் அப்பா போயிட்டார்.

அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ என்னைப் பார்த்து, "நீ சொன்னதாலதானே அவரைப் படுக்க வெச்சோம்"னு சொன்னே. நீ சொன்னதுல தப்பில்லை. "பத்து நாள்ல நடந்து வீட்டுக்குப் போயிடலாம்ப்பா"ன்னு அவர்கிட்ட சொன்னவ நான்தான்.

நாலு மாசம் கழிச்சு நான் ஸ்கேன் எடுத்துக்கிட்டேன். மூணு இதழ். நல்ல செய்தின்னு சந்தோஷம் வரலை, உன் முகம்தான் வந்தது. உனக்குச் சொல்லணும்னு அஞ்சு தடவை போன் பண்ணினேன். நீ எடுத்து "அப்புறம்?"ன்னு கேப்பே. "உனக்கும் இருக்கலாம், நீயும் வந்து படு"ன்னு எந்த வாயால சொல்றது? "வேற என்ன?"ன்னு கேட்டுட்டு வெச்சுடுவேன். மார்ச்சுல பாதியில விட்ட வரியும் அதுதான். யாரும் என்னைக் கூப்பிடலை.

பள்ளிக்கூடப் பாடம்னு நீ எழுதினதை நான் நம்பலைடா. முதல் கடிதத்துலயே சந்தேகம் வந்தது. நம்பற மாதிரி நடிச்சேன். நம்பினா கேக்க வேண்டாமில்லையா.

என்னைத் திட்டு. ஆனா ஸ்கேன் எடுத்துட்டுத் திட்டு.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

கடிதம் வந்துச்சு.

ரெண்டு வருஷம், அக்கா. என்னை விடு. ரத்த சொந்தம்னு டாக்டர் சொன்னாரே, குட்டி யாரு? அவ பள்ளிக்கூடத்துல நூறு மீட்டர் ஓட்டம் ஓடறா. ஒவ்வொரு தடவை அவ ஓடறதை நான் கைதட்டிப் பார்த்திருக்கேன். அவளுக்கும் இருக்கலாம்னு உனக்குத் தோணவே இல்லையா?

இப்போதைக்கு எழுதாதே.

தம்பி


ஜூன் 14

அக்காவுக்கு,

முதல்ல குட்டி. மூணு இதழ். நானே திரையில பார்த்தேன். ஸ்கேன் எடுக்கிற அம்மாகிட்ட "எண்ணிச் சொல்லுங்க, இன்னொரு தடவை எண்ணுங்க"ன்னு மூணு தடவை கேட்டேன். அவங்க பொறுமையா மூணு தடவையும் காட்டினாங்க. அழகா விரியுது, அழகா மூடுது. குட்டி படுத்துக்கிட்டே, "அப்பா, என்னை விட நீங்கதான் வெளுத்திருக்கீங்க"ன்னா.

அப்புறம் அதே கட்டில்ல என்னைப் படுக்க வெச்சாங்க. எனக்கு ரெண்டுதான். விறைச்சுப்போச்சு. விரல் போகிற இடத்துல பென்சில் முனை போகிற அளவு வழிதான் இருக்காம். சீக்கிரம் மாத்தணும்னு சொல்லிட்டாங்க.

கோபம் முழுசாப் போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ எழுதாத இந்த நாலு வாரமும் எனக்கு அந்த வராந்தாதான் ஞாபகம். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை உன் வாயைத் தைச்சுப் போட்டிருக்கு. சரி, இப்போ நான் ஒண்ணு சொல்றேன். இது யாருக்கும் தெரியாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயந்தரம் நீ மருந்துச் சீட்டோட கீழே போயிருந்தே. அப்பா என் கையைப் பிடிச்சு, "அவ சொல்றா. அவ வேலை அது, அவ சொல்லத்தான் செய்வா. நீ சொல்லுடா, பண்ணிக்கட்டுமா?"ன்னு கேட்டார். எனக்கும் பயம். ஆனா அவர் மூச்சு விடக் கஷ்டப்படறதைப் பார்க்க முடியலை. "பண்ணிக்கங்கப்பா"ன்னேன். உடனே சரின்னுட்டார். நீ சொன்னதால அவர் படுக்கலை அக்கா. நான் சொன்னதால. என் தோள்ல இருந்ததை இறக்கி உன் தோள்ல வெச்சுட்டு, பஸ் ஏறி ஊருக்கு வந்துட்டேன்.

உனக்கு நேரம் இருக்கிறப்போ திருப்பித் திட்டு.

உங்க ஆஸ்பத்திரிக்கே வர்றேன். ஒரே ஒரு நிபந்தனை. என் இதயம் நின்னிருக்கிற நேரத்துல மெஷின்ல நீதான் உட்காரணும். வேற கையில என்னைக் குடுக்காதே.

நான் சௌக்கியமில்லை. எழுதிட்டேன், போதுமா?

உன் தம்பி


ஜூன் 21

என் தம்பிக்கு,

அந்த மூணு இதழைப் படிச்சுட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே உட்கார்ந்துட்டேன். குட்டியைப் பத்தி எனக்குத் தோணலையான்னு கேட்டே. தோணிச்சு. தோணினதும் வேற வேலையைப் பார்க்கப் போயிடுவேன். அதுக்கு மன்னிப்புன்னு ஒரு வார்த்தை பத்தாது, தெரியும்.

அப்பா உன்கிட்ட கேட்டது எனக்குத் தெரியாது. உன் மேல கோபம் வரலைடா. நல்லவேளை, என்னை மட்டும் நம்பி அவர் படுக்கலைன்னு ஒரு நிம்மதிதான் வந்தது. அவருக்கு அன்னிக்கு நாம ரெண்டு பேரும் வேண்டியிருந்தோம். ரெண்டு பேரும் சொன்னோம். அவ்வளவுதான்.

இப்போ மெஷின். பெரிய டாக்டர்கிட்ட போய், தம்பிக்கு நான் உட்காரலாமான்னு கேட்டேன். சொந்தக்காரங்களுக்கு உட்காரக் கூடாதுன்னு இங்கே எழுதின சட்டம் எதுவும் இல்லை. அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மெஷின்ல கேஜ் முள்ளைப் பார்ப்பீங்களா, தம்பியைப் பார்ப்பீங்களா?" ஒரு நாள் டைம் கேட்டேன். யோசிச்சேன். துணி போட்டு உன் முகத்தை மறைச்சிருப்பாங்க. இருந்தாலும் நான் அந்தத் துணியையேதான் பார்த்துக்கிட்டிருப்பேன். மெஷினுக்குத் தம்பியும் அக்காவும் தெரியாது, அதைப் பார்த்துக்கிறவ கண்ணு அதை விட்டு நகரக் கூடாது. அதனால நான் உட்காரப் போறதில்லை.

எனக்குப் பதிலா உட்காரப் போறவளுக்கு இங்கே "பேசாமடந்தை"ன்னு பேரு. நாலு மணி நேரத்துக்கு நாலு வார்த்தைதான் பேசுவா. நானே பழக்கினவ, இப்போ என்னை விடக் கெட்டிக்காரி. என் நெஞ்சைத் திறக்கிற நாள் வந்தா அவதான் உட்காரணும்னு ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன். எனக்குன்னு வெச்சிருந்ததை உனக்குத் தர்றேன், வேண்டாம்னு சொல்லாதே.

அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி. ஒரு வாரம் முன்னாடியே வந்துடுங்க. நாலு மாடி நீ ஏற வேண்டாம், கீழ் வீட்டுல ஒரு அறை கேட்டு வாங்கிட்டேன். பெட்டியை நீ தூக்கினேன்னு தெரிஞ்சா நானே உன்னைத் திருப்பி அனுப்பிடுவேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

பயணம் அலுப்பில்லாம இருந்ததா? தையல் போட்ட இடத்துல வலி எப்படி? ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை ஒரு நாள்கூட விட்டுடாதே, பல் தேய்க்கிற மாதிரி நினைச்சுக்கோ. உன் சட்டைக்குள்ள இருந்து வர்ற டிக் டிக் சத்தத்தைக் குட்டி என்கிட்ட போன்ல கேக்க வெச்சா. "அத்தை, அப்பாவால இனிமே கண்ணாமூச்சி ஆட முடியாது, எங்கே ஒளிஞ்சாலும் கேக்கும்"னு சிரிச்சா. அந்தச் சத்தம் போடற உன் புதுச் செயற்கைக் கதவுக்கும் ரெண்டு இதழ்தான், ஆனா இது நல்ல ரெண்டு. விறைக்காது.

பஸ் கிளம்பறப்போ ஜன்னல் வழியா, "நான் தூங்கின அந்த நேரத்துல என்ன நடந்தது? யாருமே சொல்லலையே"ன்னு கேட்டே. பதில் சொல்றதுக்குள்ள பஸ் நகர்ந்துடுச்சு. இப்போ சொல்றேன்.

உன் கருஞ்சிவப்பு ரத்தம் இதயத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஒரு குழாய் வழியா மெஷினுக்கு வந்தது. அங்கே காத்து வாங்கிக்கிட்டு, செஞ்சிவப்பா, உன் பெரிய குழாய்க்கே திரும்பிப் போச்சு. அப்புறம் குளிர்ந்த மருந்து ஒண்ணைக் குடுத்து இதயத்தை நிறுத்தினாங்க. எண்பத்தொரு நிமிஷம் அது அசையலை. அந்த எண்பத்தொரு நிமிஷமும் உன் மூளைக்கும் கல்லீரலுக்கும் விரல் நுனிக்கும் ரத்தம் குறையாமப் போய்க்கிட்டே இருந்தது.

இதெல்லாம் அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. நான் வெளியே இருந்தேன். இருபத்திரண்டு வருஷமா அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருந்தவளுக்கு, வெளிப்பக்கத்துல நேரம் இப்படி நின்னது ரெண்டே தடவைடா, அப்பாவுக்கு ஒண்ணு, இப்போ உனக்கு. உன் மனைவி குட்டியோட பள்ளிக்கூடச் சட்டையைக் கொண்டுவந்திருந்தா, ஒரு பட்டன் தைக்கணுமாம். தைச்சா. பிரிச்சா. மறுபடியும் அதே பட்டனைத் தைச்சா. எத்தனை தடவைன்னு எண்ணறதை விட்டுட்டேன். "இப்போ என்ன பண்ணுவாங்க அண்ணி?"ன்னு அப்பப்போ கேப்பா. நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவேன்.

ஒரு கட்டத்துல என் கணக்குப்படி இதயம் திரும்ப ஓட ஆரம்பிச்சிருக்கணும். யாரும் வரலை. பத்து நிமிஷம் ஆச்சு, இருபது ஆச்சு. உன் மனைவி மறுபடியும் கேட்டா. "இப்போ தையல் போடறாங்க"ன்னு சொன்னேன். பொய். அவ என் முகத்தைப் பார்த்துட்டு ஊசியைக் கீழே வெச்சா, என் கையை எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டா. சுண்ணாம்பு ஆழமாப் படிஞ்சிருந்ததால சுரண்டி எடுக்க நேரம் ஆயிடுச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

அப்போ கதவு திறந்தது. பேசாமடந்தை வந்தா. தலைத் தொப்பியைக்கூடக் கழட்டலை. அவ வாழ்நாள்ல இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதில்லை. "இதயத்துக்கு ரத்தத்தைத் திறந்து விட்டோம். கொஞ்ச நேரம் நடுங்கிச்சு. அப்புறம் அதுவாவே அடிக்க ஆரம்பிச்சுடுச்சு, ஷாக் குடுக்க வேண்டியே வரலை. நான் மெஷினை மெதுவாக் குறைச்சேன், அது மெதுவா ஏத்துக்கிச்சு. நிறுத்தியே விட்டேன். நிறுத்தினது அதுக்குத் தெரியக்கூட இல்லை." சொல்லிட்டு என் தோளைத் தொட்டுட்டு உள்ளே போயிட்டா. உன் மனைவி அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைச்சுக்கிட்டா.

மூணாம் நாள் முழுக்க நான் லீவு போட்டுட்டு ஏன் உன் கட்டில் பக்கத்துலேயே இருந்தேன்னு நீ கேக்கலை. நீயும் அன்னிக்கு என் புடவைத் தலைப்பை விடலை. அதைப் பத்தி நாம எழுத வேண்டாம்.

உனக்குத் தெரியாத ஒண்ணு மட்டும் சொல்லி முடிச்சுக்கறேன். ஆபரேஷன் ஆன அன்னிக்குச் சாயந்தரம், உனக்கு இன்னும் நினைவு திரும்பலை. வாயில குழாய், கையில குழாய், நெஞ்சு முழுக்கக் கட்டு. தொட இடமே இல்லை. என் வேலை எப்பவும் மெஷினை நிறுத்தறதோட முடிஞ்சுடும், நான் ஆபரேஷன் அறையில இருந்து அப்படியே வீட்டுக்குப் போயிடுவேன். ஐ.சி.யூ. பக்கம் வந்து அப்பாவைத் தவிர யாரையும் பார்த்ததில்லை. உன் கால் மட்டும் போர்வைக்கு வெளியே இருந்தது. பாதத்து மேல, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேரா ஒரு இடம் இருக்கு, அங்கே ஒரு சின்ன நாடி ஓடும். அங்கே ரெண்டு விரலை வெச்சேன். முதல்ல ஒண்ணும் இல்லை. கொஞ்சம் தள்ளி வெச்சேன். கிடைச்சுது. மெல்லிசா, நிதானமா, ஒண்ணுகூடத் தவறாம வந்து விரல்ல தட்டிச்சு.

நர்ஸ் வந்து, "அதான் மானிட்டர்லயே எல்லாம் தெரியுதே மேடம்"னா.

"தெரியுது"ன்னேன். விரலை எடுக்கலை.

உன் அக்கா